கடல் யாருடையது?

(தூத்துக்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச வேண்டிய விஷயம் "அரசியல் தத்துவத்தின் அடிப்படைகள்" என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் உங்களில் பலருக்கு, "இது காலேஜில் படித்தவர்கள் சங்கதி, உப்பளத்திலும் துறைமுகத்திலும் வள்ளத்திலும் பாடுபடுகிற நமக்கு இதில் என்ன வேலை?" என்று தோன்றியிருக்கலாம். தத்துவம் என்றால் கேட்பவனுக்குத் தலை சுற்ற வேண்டும் என்றும், ஒன்றும் விளங்காவிட்டால் பேசினவன் பெரிய மேதாவி என்றும் நம் நாட்டில் ஒரு எண்ணம் வெகு காலமாக இருந்து வருகிறது. அந்த மேதாவிப் பட்டம் வாங்க நாம் இங்கு வரவில்லை.

அரசியல் தத்துவம் என்பது, வேஷத்தைக் கலைத்துப் பார்த்தால், சில சாதாரணக் கேள்விகளே ஆகும். ஒருவன் உத்தரவு போடவும் மற்றவன் கீழ்ப்படியவும் என்ன காரணம்? "இது என்னுடையது" என்று ஒருவன் சொன்னால், எந்தப் பாத்தியத்தால் சொல்லுகிறான்? சுதந்திரம் என்றால் என்ன? சமத்துவம் என்றால் என்ன? சர்க்கார் தப்புச் செய்தால் கேட்பது யார்? இவ்வளவுதான். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. வீட்டில் பாகப் பிரிவினை செய்யும்போதும், கூலி வாங்கும்போதும், வரி கட்டும்போதும் நீங்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை.

இவற்றுக்கு உதாரணம் தேடிச் சீமைக்குப் போக வேண்டியதுமில்லை. உங்கள் கண் முன்னே கடல் இருக்கிறது. அந்தக் கடலின் அடியில் கிடந்த முத்துச் சிப்பிக்கு இரண்டாயிரம் வருஷ காலமாக எத்தனை பேர் சொந்தம் கொண்டாடினார்கள் என்று பார்த்தாலே, அரசியல் தத்துவம் முழுவதும் விளங்கிவிடும். ஆகவே இன்று அந்தச் சிப்பியை வைத்துக்கொண்டே பேசலாம்.

பலமும் பாத்தியமும்

முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்பது உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். கரையிலிருந்து பல மைல் தூரத்தில், எட்டுப் பாகம் பத்துப் பாகம் ஆழத்தில், 'பார்' என்று சொல்லும் கல்தரையில் சிப்பி கிடக்கும். குளியாளி ஒரு கல்லின் பாரத்தால் கீழே இறங்குவான். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிஷ நேரம், மிஞ்சினால் அதற்குச் சற்று மேல், கைக்கு எட்டிய சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுப்பான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் இறங்குவான். ஒரு நாளில் பல தடவை இப்படி. காது வலி, மூக்கில் ரத்தம், சுறா பயம் எல்லாம் அவனுக்கு. முத்து யாருக்கு?

கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில், பெரிப்ளூஸ் என்ற பெயருள்ள ஒரு கிரேக்க நூலில் கொற்கையைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. அங்கே முத்துக் குளிப்பு பாண்டிய ராஜ்யத்துக்குச் சொந்தம் என்றும், தண்டனை அடைந்த கைதிகளைக் கொண்டு அந்த வேலை நடந்தது என்றும் அது சொல்லுகிறது. பாண்டியன் சபையில் முத்தின் ஒளியைப் பற்றிப் பாடினவர்கள் உண்டு. கடலுக்குள் இறங்கின கைதியின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

பாண்டியருக்குப் பிறகு 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825-ல் அது முடிவாக இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. ஆர்க்காட்டு நவாபும் இந்தச் சலாபத்தில் தமக்குப் பங்கு உண்டு என்றார். ஒவ்வொருவரும் "கடல் என்னுடையது, முத்து என்னுடையது" என்றார்கள். இவர்களில் ஒருவராவது ஒரு தடவையாவது காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினார்களா? இல்லை. பின் எதனால் சொந்தம் வந்தது? கோட்டை இருந்தது, பீரங்கி இருந்தது, அதனால் வந்தது.

இங்கேதான் முதல் பாடம். பலம் வேறு, பாத்தியம் வேறு. புயல் அடித்தால் வள்ளத்தைக் கரையேற்றுகிறோம். அதனால் புயலுக்கு நம் மேல் உரிமை இருக்கிறதென்று யாராவது சொல்வார்களா? பயந்து ஒதுங்குவது புத்திசாலித்தனம். அது கடமை ஆகாது. பிரெஞ்சு ஆசிரியர் ரூசோ 1762-ல் எழுதிய 'சமுதாய ஒப்பந்தம்' என்ற நூலில் இதையே எடுத்து விளக்கினார். பலத்தால் வந்த அதிகாரம் அந்தப் பலம் இருக்கும் வரையில்தான் நிற்கும். ஆதலால் எந்தப் பலசாலியும் தன் பலத்தை உரிமை என்றும், நம் பயத்தைக் கடமை என்றும் பெயர் மாற்றிக்கொள்ளப் பார்ப்பான் என்பது அவர் கருத்து.

சுறாவைக் கட்டின மந்திரம்

பெயர் மாற்றுவது எப்படி நடக்கிறது? அதற்கும் இந்தக் கடலிலேயே உதாரணம் இருக்கிறது.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர் இந்தக் கரைக்கு வந்தார். முத்துக் குளிப்பில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று எழுதிய அவர், இன்னொரு பங்கையும் எழுதி வைத்தார். சுறா கடிக்காதபடி மந்திரம் போடுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு! அந்த மந்திரக்காரர்களைப் பிராமணர் என்று பொருள்படும் பெயரால் குறிப்பிடுகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மந்திரம் பகலில் மட்டுமே பலிக்குமாம். மாலையானதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் சுறா தன் இஷ்டப்படி கடிக்கலாமாம்!

தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகலில் எடுத்தால் ராஜாவுக்குப் பங்கு போகும். இரவில் ஒருவன் யாருக்கும் தெரியாமல் இறங்கி எடுத்தால் ராஜாவுக்கு ஒன்றும் போகாது. ஆகவே இரவில் மந்திரம் கிடையாது! சம்பளமில்லாத சேவகனாகச் சுறாவையே ராஜாவின் சொத்துக்குக் காவல் வைத்துவிட்டார்கள். மந்திரம் சுறாவைக் கட்டவில்லை, குளியாளியின் மனத்தைக் கட்டியது.

இது மார்க்கோ போலோ காலத்தோடு போய்விடவுமில்லை. பரதவர் கத்தோலிக்கரான பிறகும், குளிக்க வந்தவர்களில் இஸ்லாமியரும் இந்துக்களும் கலந்திருந்த காலத்திலும், 'கடல் கட்டி' என்ற பரம்பரை உத்தியோகம் இருந்து வந்தது. 19-ம் நூற்றாண்டில் எதிர்க்கரையான இலங்கைச் சலாபத்தில் இங்கிலீஷ் சர்க்காரே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. துரைமார்கள் அந்த மந்திரத்தை நம்பினார்களா? இல்லை. ஆனால் கடல் கட்டி வராவிட்டால் குளியாளி இறங்க மாட்டான். குளியாளி இறங்காவிட்டால் கஜானாவுக்குப் பணம் வராது. ஆகவே தான் நம்பாத மந்திரத்துக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது.

ஆளுகிறவனுக்கு நம் மூடநம்பிக்கை ஒரு செலவில்லாத பட்டாளம். ராஜா கடவுளின் அம்சம் என்று இங்கே சொன்னது போலவே, ராஜாவைக் கடவுளே நியமித்தார் என்று இங்கிலாந்திலும் சொன்னார்கள். அங்கே 1649-ல் ஜனங்கள் முதலாம் சார்லஸ் ராஜாவை விசாரித்துத் தலையை வெட்டினார்கள். வானம் இடிந்து விழவில்லை. மறுநாளும் சூரியன் உதித்தது. அதற்குப் பிறகுதான் "ராஜாவுக்கு அதிகாரம் யார் கொடுத்தது?" என்ற கேள்வியைத் தைரியமாகப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார்கள்.

சம்மதம் என்பது என்ன?

அந்தக் கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில், "ஜனங்களே கொடுத்தார்கள்" என்பது. ஹாப்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் 1651-ல் 'லெவயதான்' என்ற நூலில் எழுதினார்: அதிகாரம் ஒன்று இல்லாவிட்டால் வலுத்தவன் இளைத்தவனைத் தின்பான், ஆகையால் உயிருக்குப் பயந்த ஜனங்கள் தங்கள் உரிமையை ஒருவனிடம் ஒப்படைத்து, பதிலுக்குப் பாதுகாப்பைப் பெறுகிறார்கள். பயத்தில் செய்த ஒப்பந்தமானாலும் அது ஒப்பந்தமே என்றும் அவர் சாதித்தார்.

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். அவர் எழுதுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே இந்த முத்துக் கரையில் அப்படியொரு ஒப்பந்தம் நடந்திருக்கிறது. 1530-களில் முத்துக் குளிப்பிலும் கடல் வியாபாரத்திலும் ஏற்பட்ட சண்டையில் பரதவர்கள் மிகவும் துன்பப்பட்டார்கள். அவர்களுடைய தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுக்குப் போதிக்கப் பிரான்சிஸ் சவேரியார் வந்ததே அதற்குப் பிறகு, 1542-ல்தான். போர்ச்சுகீசியரின் கப்பற்படை வந்தது, எதிரிகள் விலகினார்கள், பாதுகாப்புக் கிடைத்தது. அதோடு கூடவே வரியும் வந்தது, கோட்டையும் வந்தது, முத்தில் பங்கும் போயிற்று.

அந்த ஜனங்களை நாம் குறை சொல்லவில்லை. மூழ்குகிறவன் நீட்டின கையைப் பிடிக்கத்தான் செய்வான். அந்த மதம் நல்லது, இந்த மதம் கெட்டது என்ற விவகாரத்துக்கும் நாம் இப்போது வரவில்லை. நாம் கேட்பது வேறு. மூழ்குகிறவனைத் தூக்கிவிட்டவன், "இனி நீயும் உன் பிள்ளையும் பேரனும் எனக்கு அடிமை" என்றால், அதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்கலாமா? நாளைக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தால்தான் இன்றைக்கு "சரி" என்று சொன்னது சம்மதம் ஆகும். மாற்ற முடியாத சம்மதம் அடிமைச் சீட்டு. தாத்தா போட்ட கைநாட்டு பேரனைக் கட்டுப்படுத்தும் என்றால், பேரனுக்குப் புத்தி எதற்கு?

ஆகவே ஐந்து வருஷத்துக்கொரு முறை ஓட்டுப் போடுகிறோமே, அதன் தத்துவம் இதுதான். முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தபோது, ஜாதி, சொத்து, படிப்பு, ஆண், பெண் என்ற வித்தியாசம் பாராமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. நாம் கொடுத்த அதிகாரத்தைத் திருப்பி வாங்கும் சாவி அது. அந்தச் சாவியைப் பணத்துக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கும் விற்கிறவன், கைநாட்டுப் போட்ட தாத்தாவைவிட மோசமானவன்.

பாடுபட்டவன் பங்கு

இனி, சொத்து என்ற விஷயம். லாக் என்ற இன்னொரு இங்கிலீஷ்காரர் 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நியாயம் சொன்னார். பூமியும் கடலும் ஆதியில் எல்லோருக்கும் பொது. ஒருவன் தன் உழைப்பை ஒரு பொருளோடு சேர்க்கும்போது அது அவனுடையதாகிறது. பொதுவான சமுத்திரத்தில் மீனைப் பிடித்தவனுக்கே அந்த மீன் சொந்தம் என்று சமுத்திரத்தையே அவர் உதாரணமாகவும் சொன்னார்.

மிக்க சந்தோஷம். அந்த லாக்கின் தேசத்தார் 19-ம் நூற்றாண்டில் இங்கே சலாபம் நடத்தினபோது பங்கு எப்படிப் பிரித்தார்கள்? எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு பாடுபட்டவர்களுக்கு. அந்த ஒரு பங்கிலும் குளியாளி, கயிறு பிடிப்பவன், படகுக்காரன் எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும்!

டச்சுக்காரர் கதை இதைவிட ருசிகரமானது. 1609-ல் குரோஷியஸ் என்ற டச்சு மேதை 'சுதந்திரக் கடல்' என்ற நூலை எழுதினார். கடல் காற்றைப் போன்றது, யாரும் அதை வேலி போட்டு அடைக்க முடியாது, ஆதலால் கிழக்கே போகும் வழியைப் போர்ச்சுகீசியர் தங்கள் சொத்து என்பது அக்கிரமம் என்று வாதாடினார். நல்ல நியாயந்தான். ஆனால் அதே டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்ததும் என்ன செய்தார்கள்? தங்கள் உத்தரவில்லாமல் ஒருவனும் முத்துப் பாரில் இறங்கக்கூடாது என்றும், இறங்கினால் தீர்வை கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். போர்ச்சுகீசியர் பூட்டு வைத்திருந்தபோது கடல் சுதந்திரமானது. சாவி தங்கள் கைக்கு வந்ததும் அது தங்களுடையது!

பிறகு 1758-ல் வாட்டெல் என்ற சட்ட ஆசிரியர், பஹ்ரைனிலும் இலங்கையிலும் உள்ள முத்துப் பார்களைப் போன்றவை ஒரு ராஜ்யத்தின் சொத்தாகலாம் என்று எழுதி அதற்குச் சாஸ்திரமும் கொடுத்தார். 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சென்னை ஐக்கோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. இராமநாதபுரம் கரைக்கு அப்பால் கடலில் கிடந்த சங்கை, உத்தரவில்லாமல் எடுத்தது திருட்டா அல்லவா என்பது கேள்வி. திருட்டே என்று தீர்ப்பாயிற்று. சங்குப் படுகை ராஜாவுடையது, அதைக் குத்தகை எடுத்தவனுடையது என்றார்கள். கடலுக்குள் மூழ்கி எடுத்தவன் திருடன். கரையில் உட்கார்ந்து குத்தகைச் சீட்டு எழுதினவன் சொந்தக்காரன்!

இதனால் நாம் அந்த நூல்கள் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. லாக் சொன்னதிலும் குரோஷியஸ் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அந்த நியாயத்தைச் சொன்னவர்கள் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் குற்றம். ஆகவே எந்தத் தத்துவத்தைக் கேட்டாலும், "இது சொல்லுகிறவனுக்கும் பொருந்துமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

காவற்காரனும் சொந்தக்காரனும்

இங்கே ஒருவர் எழுந்து, "அப்படியானால் சர்க்காரே வேண்டாமா? அவனவன் இஷ்டப்படி கடலில் அள்ளலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் போவது யோக்கியம் ஆகாது.

சிப்பி முத்துப் பிடித்து முற்றுவதற்குச் சில வருஷங்கள் ஆகும். எல்லோரும் நினைத்தபோதெல்லாம் அள்ளினால் மறு வருஷம் பாரில் கல்தான் இருக்கும். முந்தினவன் வாரிக்கொண்டு போவான், பிந்தினவன் பட்டினி கிடப்பான். ஆகவே சலாபத்துக்கு முன்னால் பார்களைப் பரிசோதித்து, சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்து, இத்தனை படகு, இத்தனை நாள் என்று திட்டம் செய்தது நல்ல காரியமே. பொதுச் சொத்துக்குக் காவல் வேண்டும். அந்த மட்டில் ஹாப்ஸ் சொன்னதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆனால் காவற்காரன் வேறு, சொந்தக்காரன் வேறு. ஊரார் சேர்ந்து வயலுக்கு ஒரு காவற்காரனை வைக்கிறோம். அவனுக்குக் கூலியாக இத்தனை கோட்டை நெல் என்று பேசுகிறோம். அறுவடைக் காலத்தில் அவன் தடியை ஊன்றிக்கொண்டு, "வயல் என்னுடையது, உங்களுக்கு வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு தருகிறேன்" என்றால், ஊரார் சும்மா இருப்பார்களா? இந்த வித்தியாசம் விளங்கினால் அரசியல் தத்துவத்தில் பாதி விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய சட்டமும் இதை ஏட்டளவில் ஒப்புக்கொள்ளுகிறது. அரசியல் சட்டத்தின் 39-வது பிரிவு, சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு ஏற்றபடி பங்கீடாக வேண்டும் என்கிறது. 1996 டிசம்பரில், இமாசலத்துப் பியாஸ் நதி சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, நதி, கடற்கரை, காடு முதலியவற்றுக்குச் சர்க்கார் ஒரு தர்மகர்த்தா மாத்திரமே, அவற்றைத் தனியார் லாபத்துக்குத் தாரை வார்க்க அதற்கு உரிமையில்லை என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது.

நல்ல காவலுக்கும் இங்கே உதாரணம் உண்டு. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டத்தின்படி கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அது நாட்டுப் படகுக்காரனின் இடம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது; அது மீன் பெருகும் காலம். இவையும் தடைகள்தான். ஆனால் எளியவன் பிழைக்கவும் நாளைய பிள்ளைக்கு மீன் இருக்கவும் போட்ட தடைகள். தடை என்றாலே சுதந்திரத்துக்கு விரோதம் என்பது தப்பு. யாருடைய நன்மைக்கு, யாரைக் கேட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரியாகப் போட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே மாதிரியாக நடக்கிறதா? தூத்துக்குடி முதல் பாம்பன் வரையில் உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்று ஏற்படுத்தினார்கள். இந்தக் கடலில் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டு போன கொடுமை நடந்ததால் காவல் அவசியந்தான். ஆனால் அந்தத் தீவுகளின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடல்பாசி எடுத்த ஏழைப் பெண்களைக் கூப்பிட்டு, "உங்கள் பிழைப்புக்கு என்ன வழி?" என்று முன்கூட்டிக் கேட்டார்களா? பாசி எடுக்கிறவளைத் துரத்துகிற காவல், ஆலைக் கழிவையும் சாம்பலையும் கண்டால் கண்ணை மூடிக்கொண்டால், அது காவல் ஆகுமா?

முத்துச் சலாபமும் 1961-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. 1973-ல் இந்தத் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், அழகர்சாமி என்ற விஞ்ஞானியின் முயற்சியால், சிப்பியை வளர்த்து முத்து விளைய வைத்தார்கள். மந்திரத்தால் ஆகாதது ஆராய்ச்சியால் ஆயிற்று. சிப்பி முத்துத் தருவதை அறிவு கண்டுபிடித்துவிட்டது; அந்த முத்து யாருக்குப் போய்ச் சேருவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

சுதந்திரமும் சமத்துவமும்

இனி சுதந்திரம். 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை இங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார்கள். வெள்ளைக்காரருடைய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி உடனே கட்டணத்தைக் குறைத்தது. சட்டத்தில் இரண்டு கம்பெனிக்கும் ஒரே சுதந்திரந்தான்! யார் வேண்டுமானாலும் கட்டணத்தைக் குறைக்கலாம்! ஆனால் ஒருவனுக்கு நஷ்டத்தைத் தாங்கப் பெரிய மூலதனமும், பின்னால் சர்க்காரும் இருக்கிறது. மற்றவனுக்கு ஜனங்கள் கொடுத்த 25 ரூபாய்ப் பங்குதான் இருக்கிறது. யானைக்கும் ஆட்டுக்கும் ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டி, "இருவருக்கும் குடிக்கச் சுதந்திரம் கொடுத்தேன்" என்றால் ஆட்டுக்கு என்ன மிஞ்சும்? சமத்துவம் இல்லாத இடத்தில் சுதந்திரம் என்பது வலுத்தவனுக்குக் கொடுத்த லைசென்சு.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்ததும் இதே காரணத்தால்தான். "இஷ்டமிருந்தால் வேலை செய், இல்லாவிட்டால் போ" என்று முதலாளி சொல்லலாம். போய் எங்கே சாப்பிடுவது? பட்டினி என்ற கயிறு கழுத்தில் இருக்கும்போது இஷ்டம் என்ற வார்த்தைக்கு அர்த்தமில்லை. ஒற்றையாக நின்றால் அடிமை. ஒன்றாக நின்றதும் ஒன்பது நாளில் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

அது பொறுக்கவில்லை. மார்ச்சு 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்து அடைத்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச் சேதம். ஜூலை 7-ந் தேதி பின்ஹே என்ற ஜட்ஜி, பேச்சுக் குற்றத்துக்காக இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். ஐக்கோர்ட்டு அதைக் குறைத்த பிறகும் அவர் செக்கிழுத்து, 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி அழிந்து போயிற்று. இன்று இந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர்! 1908-ல் ராஜத்துவேஷி, 2011-ல் துறைமுகத்தின் பெயர். அவர் மாறவில்லை, அவர் பேச்சும் மாறவில்லை. அப்படியானால் குற்றம் என்பது எங்கே இருந்தது?

நாடு வேறு, சர்க்கார் வேறு என்று பிரித்துப் பார்க்காததில் இருந்தது. நாடு நாம். சர்க்கார் நாம் வைத்த காவற்காரன். காவற்காரனைக் கண்டித்தால் வயலுக்குத் துரோகம் என்று சொல்லுகிறவன், வயலைத் தின்னப் பார்க்கிறான் என்று அர்த்தம். வெள்ளைக்காரன் போனால் இந்தப் புத்தியும் போய்விடும் என்று நினைத்தோம். 2018 மே மாதம் 22-ந் தேதி இந்த ஊரில் நடந்ததை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெர்லைட் தாமிர ஆலை வேண்டாம் என்று நூறாவது நாள் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போன ஜனங்கள் மீது போலீசார் சுட்டார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். அதே மாதம் 28-ந் தேதி ஆலையை நிரந்தரமாக மூடும்படி சர்க்கார் உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29-ல் கம்பெனியின் மனுவைச் சுப்ரீம் கோர்ட்டும் தள்ளிவிட்டது. 22-ந் தேதி கேட்டது குற்றமென்றால் 28-ந் தேதி அதையே எப்படிக் கொடுத்தார்கள்? கொடுக்கத் தகுந்ததென்றால் கேட்டவர்களை ஏன் சுட்டார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரையில் இறந்தவர்களுக்கு நியாயம் கிடைத்ததென்று நாம் சொல்ல முடியாது.

தோழர்களே! இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெளியில் இருக்கும் அதிகாரத்தை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு, நமக்குள் இருக்கும் அதிகாரத்தை விட்டுவிடக் கூடாது. போர்ச்சுகீசியர் காலத்திலும் டச்சுக்காரர் காலத்திலும் இங்கிலீஷ்காரர் காலத்திலும் பரதவருக்குள் 'சாதித் தலைவன்' என்று ஒருவர் பரம்பரையாக இருந்தார். கொடி மூன்று மாறியது; தலைவர் பதவி மாறவில்லை. சலாபத்தில் சில படகுகளின் வரும்படியும் அவருக்கு உண்டு. இது ஒரு சமூகத்தில் மட்டும் உள்ள வழக்கமல்ல. எல்லா ஜாதியிலும் நாட்டாண்மை உண்டு, எல்லா வீட்டிலும் ஒரு சாதித் தலைவன் உண்டு. உப்பளத்தில் வெயிலில் ஆணோடு சேர்ந்து உழைக்கிற பெண், வீட்டில் வாய் திறக்கக் கூடாது. ஊர்க் கூட்டத்தில் உட்காரக் கூடாது! சர்க்காரிடம் உரிமை கேட்கிற ஆண்மகன், தன் மனைவியிடம் ஹாப்சின் ராஜாவாக நடந்துகொள்ளுகிறான். அவளுடைய சம்மதத்தை எந்தத் தேர்தலில் வாங்கினான்?

ஆகவே முடிவாக நாம் சொல்லுவது இதுதான். இனி எந்த உத்தரவு வந்தாலும், சட்டம் வந்தாலும், ஆலை வந்தாலும், தலைவர் வந்தாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? எங்களைக் கேட்டார்களா? பாடுபடுகிறவனுக்கு என்ன பங்கு? எல்லோருக்கும் ஒரே சட்டமா? வேண்டாம் என்றால் மாற்ற முடியுமா? இந்த ஐந்துக்கும் நேரான பதில் சொல்லுகிறவன் காவற்காரன். கோபப்படுகிறவன் சொந்தக்காரனாகப் பார்க்கிறவன். மந்திரம் சொல்லுகிறவன் கடல் கட்டி.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அனுபவத்தோடு வைத்துப் பாருங்கள், அக்கம்பக்கத்தாரோடு பேசுங்கள், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.